ஜீனோ இருக்கட்டும், நிலா எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அறிவியல் கதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கமும் ஜீனோ என்கிற ரோபோ நாய்தான். நாயின் படிப்பு, நாயின் கிண்டல். கதாநாயகி நிலாவின் பெயர் ஒரே ஓர் இடத்தில், அதுவும் போகிற போக்கில்.

எண்பதுகளில் அது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது எங்கள் வீடு பெங்களூரில் ஜாலஹள்ளிப் பக்கம். சுஜாதா அப்போது அங்கேதான் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தார். அதனால் எங்கள் தெருவுக்கு அது உள்ளூர்க் கதை. அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தாள். தைத்த இடத்தில் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். கதை முடிகிற பக்கத்துக்குப் பின்னால் பாதி ஜோக் தொங்கும். நாலு வீடு சுற்றித் திரும்பி வந்தபோது அட்டையில் ரசம் வாசனை.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது நிலாவுக்காக. பிள்ளை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற ஊரில் அடங்கி ஒடுங்கி இருக்கிற பெண். காணாமல் போன கணவனைத் தேடத்தான் கிளம்புகிறாள், கடைசியில் ராணியாகிறாள். பயந்துகொண்டேதான் போகிறாள், ஆனால் போகிறாள். (மனைவியின் பெயரில் எழுதியவர் இப்படி ஒருத்தியைப் படைத்ததில் ஆச்சரியமில்லை.)

அப்புறம் அமெரிக்க எழுத்தாளர் அசிமோவின் கதைகளில் வரும் சூசன் கால்வின், ரோபோக்களின் மனத்தை ஆராய்கிற விஞ்ஞானி. 1947-இல் வந்த ஒரு கதையில், ஒரே அச்சாக இருக்கும் 63 ரோபோக்களுக்குள் ஒன்று ஒளிந்துகொள்கிறது. அதுதான் ஆபத்தானது. கால்வின் ஒவ்வொன்றையும் கேள்வி கேட்கிறாள், சோதனை மேல் சோதனை வைக்கிறாள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 63-ஐயும் அழித்துவிடுங்கள் என்கிறாள். செலவை நினைத்து மற்றவர்களுக்கு வியர்க்கிறது. முப்பது வருஷம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள் நான். ஒரு பழுதுக்காக மொத்த லாட்டையும் நிறுத்தச் சொன்னால் புரொடக்‌ஷன்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையைப் படித்த அன்று ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினேன். இதே கால்வினுக்கு 1941 கதையில் அசிமோவ் லிப்ஸ்டிக் பூசிவிட்டு வேடிக்கை பார்க்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, சரி, போகட்டும்.

உங்கள் கட்டுரையில் வங்காள எழுத்தாளர் ரொக்கையா பேகம் இல்லாததுதான் பெரிய குறை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளிவந்தது நம் மதராஸில், ‘இண்டியன் லேடீஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில். அதில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. கரியும் புகையும் இல்லாத அடுக்களையில் சூரிய வெப்பத்தில் சமையல். எதிரி படையெடுத்து வந்தபோது, பெண்கள் பல்கலைக்கழகத் தலைவி 2,000 மாணவிகளோடு போய், சேர்த்து வைத்த வெயிலைத் திருப்பியே விரட்டிவிடுகிறார். நான் ரசித்தது ஒரு கணக்கு. ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் போச்சு. அதனால்தான் பெண்கள் ஆபீஸ் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்களாம். எங்கள் கேன்டீன் டீ இடைவேளையை ரொக்கையா பார்த்திருந்தால் தனியாக ஓர் அத்தியாயமே எழுதியிருப்பார். ரொக்கையாவின் கணவர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம்.

பேத்திக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அதனால் ராத்திரியில் அம்மாவின் பைண்டை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளும் “ஜீனோ எப்போ பாட்டி வரும்?” என்றுதான் கேட்கிறாள். நிலா ராணியாகிற இடத்துக்கு இன்னும் நாங்கள் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு