‘கொலஸ்ட்ரால் இல்லாத’ எண்ணெய்: ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான சமையல் எண்ணெய் பற்றிய கட்டுரை, இதய நோய்க்கு அஞ்சுவோர் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிடப்பட்ட எண்ணெயையே பார்த்து வாங்க வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. கல்லூரியில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதக் கடமைப்பட்டுள்ளேன். புட்டியின் மீதுள்ள அந்த வாசகத்தில் பொய் ஏதுமில்லை, பயனும் ஏதுமில்லை. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடல் உருவாக்கும் பொருள். தாவரங்கள் ஏறக்குறைய அதே அமைப்புடைய சிட்டோஸ்டீரால் போன்ற வேறு பொருள்களை உருவாக்கிக்கொள்கின்றன; கொலஸ்ட்ரால் அவற்றில் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவே உண்டு. ஆகவே கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், ஏன், வனஸ்பதியும்கூட இந்த வாசகத்தைப் போட்டுக்கொண்டாலும் அது பொய்யாகாது.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவது அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வடிவம்தான். நாம் சமையலில் ஊற்றும் எண்ணெய் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு எனப்படும் பொருளால் ஆனது. ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்திருப்பதே அதன் அமைப்பு. சங்கிலியின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை உணர, 18 கார்பன் அணுக்களைக் கொண்ட மூன்று அமிலங்களை ஒப்பிட்டாலே போதும். ஸ்டீயரிக் அமிலத்தில் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பே கிடையாது. அதன் சங்கிலிகள் நேராக நீண்டு ஒன்றையொன்று நெருங்கி அடுக்கிக்கொள்வதால், ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரும்வரை அது உருகுவதில்லை. ஒலீயிக் அமிலத்தின் நடுவில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு ‘சிஸ்’ அமைப்பில், அதாவது அதன் இருபுறமும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே பக்கத்தில் அமையுமாறு, இருக்கிறது. அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால் நெருங்கி அடுக்க முடியாமல் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அதே இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு மாறி ‘டிரான்ஸ்’ அமைப்பு உண்டாகுமானால், ஓர் அணுகூடக் கூடாமல் குறையாமல் வளைவு மட்டும் நிமிர்ந்து, உருகுநிலை 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு முதல் வகையைப் போல இரட்டைப் பிணைப்பு இல்லாதவை, அதாவது ‘நிறைவுற்றவை’. மார்கழிக் காலையில் அது புட்டிக்குள் உறைந்து நிற்க, பக்கத்திலேயே நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவதாகச் சொன்ன டிரான்ஸ் அமைப்பின் வரலாற்றைக் கட்டுரையாளர் தொடாமல் விட்டது எனக்கு வியப்பளித்தது. திரவ எண்ணெயை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் டால்டா என்றே பெயர் பெற்றுவிட்ட வனஸ்பதி அந்த முறையின் வழிவந்தது. ஹைட்ரஜனேற்றம் முழுமையடையாமல் இடையில் நிறுத்தப்படும்போது, எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளில் கணிசமானவை டிரான்ஸ் அமைப்புக்கு மாறிவிடுகின்றன. இவ்வகைக் கொழுப்பு, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் அளவை உயர்த்துவதோடு, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் அளவைக் குறைக்கவும் செய்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்களான மென்சிங்க், கதான் இருவரும் 1990இல் காட்டினர். 2003இல் டென்மார்க் இதற்கு உச்சவரம்பு விதித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தனைக்கும் அந்த வனஸ்பதியில் கொலஸ்ட்ரால் ஒருநாளும் இருந்ததில்லை. கட்டுரையின் அறிவுரையைப் பின்பற்றும் ஒருவர் அதை நல்லது என்றே வாங்கியிருப்பார்.

இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி நம் உடலிலேயே உற்பத்தியாவது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால், புரதமும், பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடும் சேர்ந்த நுண்துகள்களில் ஏற்றப்பட்டே அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. எல்டிஎல், எச்டிஎல் என்பவை இந்தத் துகள்கள்தாம். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று பிரித்துப் பேசினாலும் இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறே. எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் இருப்பதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ணும்போது கல்லீரலில் அந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைந்து எல்டிஎல் இரத்தத்தில் தேங்குகிறது. கொலஸ்ட்ராலே இல்லாத ஓர் எண்ணெய் இரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்துவது இந்த வழியில்தான். தேங்காய் எண்ணெய் எச்டிஎல் அளவையும் சற்று உயர்த்துவது உண்மையே. அதைக் காட்டி எல்டிஎல் உயர்வை மறைக்க முயல்வது நேர்மையாகாது.

கட்டுரையின் கடைசிப் பத்தி, கொழுப்பை இயன்றவரை உணவிலிருந்து விலக்குவதே நலம் என்று முடிந்திருந்தது. கொழுப்பே இல்லாத உணவில் வளர்க்கப்பட்ட எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்து, வளர்ச்சி குன்றியதை அமெரிக்காவில் பர் தம்பதியர் 1929இல் பதிவு செய்தனர். நம் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாத லினோலியிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தின் இன்றியமையாமை அவ்வாறுதான் புலப்பட்டது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைக் குடல் உறிஞ்சுவதற்கும் உணவில் கொழுப்பு வேண்டும். உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் சவ்வு, நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் இரு வால்களும் உடைய பாஸ்போலிப்பிடுகள் இரண்டடுக்காக அமைந்ததாகும். கொலஸ்ட்ரால் அவற்றுக்கிடையே செருகிக்கொண்டு, வெப்பம் மிகுந்தால் சவ்வு தளர்ந்துவிடாமலும் குளிர்ந்தால் இறுகிவிடாமலும் காக்கிறது. பித்த அமிலங்களும், கார்டிசோல், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளையில் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்கேனும் இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் பலர் மூச்சுவிடத் திணறுவதும், நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பாஸ்போலிப்பிடுக் கலவை அப்போது போதுமான அளவு சுரந்திருக்காததால்தான். கொழுப்பு வகைகளை வெறும் ஊளைச்சதையாக மட்டும் காட்டும் கட்டுரைகளைப் படித்து, வளரும் பிள்ளைகளின் தட்டிலிருந்துகூட எண்ணெயையும் முட்டையையும் விலக்கும் பெற்றோர்கள் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத நேர்ந்தது.

ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி ஆற்றல் தருவதால் அளவில் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் வேண்டுவது வேறு. எண்ணெய்ப் புட்டியின் முகப்பில் இதயப் படத்தோடு பெரிய எழுத்தில் கொலஸ்ட்ரால் இன்மையைப் பறைசாற்றும் இடத்தில், நிறைவுற்றவை, ஓர் இரட்டைப் பிணைப்புள்ளவை, பல இரட்டைப் பிணைப்புள்ளவை, டிரான்ஸ் ஆகிய நான்கு கொழுப்புகளின் விழுக்காட்டையும் தமிழிலும் அச்சிட உற்பத்தியாளர்களை உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழ் எண்ணெய் குறித்து அடுத்து வெளியிடும் கட்டுரையிலேனும், நம் கடைகளில் கிடைக்கும் எண்ணெய் வகைகளுக்கு அந்த நான்கு எண்களையும் ஓர் அட்டவணையாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.