எங்கள் பெண் பிள்ளைகள் ரக்பி ஆட மைதானம் அமைத்துத் தந்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

சயான், தாராவி, அன்டாப் ஹில் பக்கத்துப் பெண் பிள்ளைகளின் ரக்பிப் (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பயிற்சிக்கு மாநகராட்சி வார்டு நிதி ஒதுக்கித் தந்தவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லிவிட்டோம். அந்தப் பணத்தை மைதானத்தில் கொண்டுவந்து இறக்கியவர்கள் பலர். ஒவ்வொருவரும் செய்ததை விவரமாக எழுதினால்தான் எங்கள் மனம் ஆறும். வேறு வார்டில் இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கும் இது உதவும்.

முதல் நன்றி சப் இன்ஜினியர் சாருக்கு. அவர் பார்த்த விலைப்பட்டியலில் ரக்பி கம்பம் கிடையாது. பட்டியலில் இல்லாத பொருளுக்கு மூன்று கடைகளில் விலை கேட்டுக் கொட்டேஷன் வாங்கி, அந்த விலை எப்படி வந்தது என்று ரேட் அனாலிசிஸ் போட்டு, வரைபடத்தோடு செலவு மதிப்பீடான எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு என்று ‘விளையாட்டு உபகரணம்’ என ஒரே வரியில் முடித்திருந்தால், 7.32 மீட்டர் அகலக் கால்பந்து கோல்போஸ்ட்தான் வந்து நின்றிருக்கும். ரக்பிக்கு இரு கம்பங்களுக்கும் நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3 மீட்டர். இந்த இரண்டு அளவையும் அவர் டெண்டரிலேயே எழுதிவைத்தார். கம்பத்தைச் சுற்றிக் கட்டும் ஃபோம் உறை கோல் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது என்பதையும் சேர்த்தார்.

அதே இடத்தில் கிரிக்கெட்டும் நடக்கிறது. அதனால் கம்பங்களைக் கழற்றி மாட்ட வேண்டும். மண்ணுக்குள் இரும்புக் குழாய் பதித்து அதில் கம்பத்தைச் செருகும் ஏற்பாடு இது. குழாயின் அடியைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் மும்பை மழை உள்ளே தேங்கி, துரு ஏறி, அடுத்த சீசனில் கம்பம் அசையாது. அடியைத் திறந்து விட்டு, ஜல்லி போட்டு, தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மூடி வைத்த ஒப்பந்ததாரரின் மேஸ்திரிக்குத் தனி நன்றி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் அங்குல இரும்பு போதும், ஒரு பிள்ளையின் முழங்காலைக் கிழிக்க.

கணக்குப் பிரிவு மேடம் இல்லையென்றால் ஃபைல் நகர்ந்திருக்காது. விளக்கு, வேலி, கம்பம், கழிப்பறை எல்லாம் நிலையான சொத்து. ஒரு தலைப்பில் போகும். பந்து, மோதிப் பழகக் கையில் பிடிக்கும் ஷீல்ட், டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து வீழ்த்துவது) பழகும் பை எல்லாம் தேய்ந்துபோகும் பொருள்; வேறு தலைப்பு. பயிற்சியாளர் சம்பளம் இவை இரண்டிலும் வராது, அதை வெளியே திரட்டுங்கள் என்று முதல் நாளே சொன்னார். மூன்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் ஆட்சேபக் குறிப்போடு திரும்பி வரும். அதற்குள் மார்ச் 31 தாண்டிவிட்டால் பணம் காலாவதி. “ரக்பியா? பொண்ணுங்களா?” என்ற கேள்வி எந்த மேசையிலும் வரும் என்று, 2019இல் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்ற செய்தியையும் ஃபைலோடு இணைக்கச் சொன்னவர் அவர்தான். அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது.

மைதானத்தைப் பராமரிக்கும் மாலி அண்ணனுக்கும் வாட்ச்மேன் மாமாவுக்கும் என்ன சொல்வது! பெண் பிள்ளைகள் விளையாட்டை விடும் காரணங்களில் கழிப்பறைக்குத்தான் நாங்கள் முதலிடம் கொடுப்போம். கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், எரியும் பல்பு, பையை மாட்ட ஓர் ஆணி, மூடி போட்ட குப்பைக்கூடை, தண்ணீர், பயிற்சி நேரம் முழுக்க அங்கேயே இருக்கும் ஒருவரிடம் சாவி. இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் ஓடுவார்கள். சீக்கிரமே களைத்துப்போவார்கள். மாமா சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கேட்டிலேயே வைத்திருக்கிறார். அண்ணன் மண்ணைக் கிளறிச் சலித்துக் கல் பொறுக்கி, தினமும் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கிறார். காய்ந்த செம்மண்ணில் விழுந்தால் தோல் உரியும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிரிக்கெட் ஆடும் தம்பிகள் வாரத்தில் மூன்று மாலைகளை விட்டுக்கொடுத்தார்கள். நடுவிலுள்ள ரோல் போட்ட பிட்ச் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், அதன்மேல் டேக்கிள் பழகவே கூடாது. ஆகவே பயிற்சிக்கு ஓரமாய் 60க்கு 40 மீட்டர் கட்டம் போட்டிருக்கிறோம். முழு ஆடுகளம் 100க்கு 70 கேட்கும். பழகுவதற்கு இது தாராளம்.

கபடி மாஸ்டருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் காலைப் பிடிப்பது கைவந்த கலை, ஆனால் கபடிப் பழக்கத்தில் தலையை எதிராளியின் காலுக்கு முன்னால் கொண்டுபோவார்கள். ரக்பியில் ஓடிவருகிறவளின் முழங்கால் நேராகத் தலையில் மோதும். தலை அவள் இடுப்புக்குப் பின்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். முட்டி போட்டு, பிறகு குந்தி, பிறகு நடந்து, கடைசியில்தான் ஓடி என்று அந்தப் பழக்கத்தை மாற்றித் தந்தார்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி டீச்சர்கள் பெற்றோர் ஒப்புதலை வாங்கித் தந்தார்கள், கால் அளவையும் எடுத்துக் கொடுத்தார்கள். மொத்தமாக ஆர்டர் செய்தால் ஆண்கள் சைஸ் ஷூதான் வரும். பெண் பிள்ளைகளுக்கு 3, 4, 5 என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். யூனிஃபார்ம் வரிசையில் ஸ்போர்ட்ஸ் பிராவையும் கூச்சப்படாமல் எழுதிய அம்மாக்களுக்கு எங்கள் வணக்கம். மவுத்கார்டு ஒருத்திக்கு ஒன்று, பங்கு போடக் கூடாது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியே. அன்று திரும்ப ஆட அனுமதி இல்லை. இந்த விதியைப் பிசியோதெரபி படிக்கும் அக்காக்கள் தமிழில் எழுதி வேலியில் கட்டியிருக்கிறார்கள்.

எஸ்டிமேட், வரைபடம், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று தரும் பயன்பாட்டுச் சான்றிதழின் மாதிரி மூன்றும் தமிழ் விளக்கத்தோடு எங்களிடம் இருக்கின்றன. எந்த வார்டுக்காரர் வேண்டுமானாலும் பயிற்சி நடக்கும் மாலையில் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பயிற்சியாளர்களும் பெற்றோரும்
சயான், மும்பை