போன மாதப் பொதியில் ஏன் ஆஸ்திரியப் பேரரசர்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் சந்தாதாரர்களுக்கு அனுப்பிய செக்கோஸ்லோவாக்கியா பொதியைப் பற்றி உங்களில் சிலர் போனில் கேட்டீர்கள், இருவர் கடைக்கே எடுத்து வந்து காட்டினீர்கள். "செக் நாட்டின் முதல் ஸ்டாம்ப் என்று சொல்லிவிட்டு ஆஸ்திரியப் பேரரசர் படத்தை வைத்திருக்கிறீர்களே, மாறிப் போய்விட்டதா?" என்பது ஒரு கேள்வி. "இரண்டாவது தபால்தலைக்குப் பல் விளிம்பே இல்லை, கத்தரியால் வெட்டிய மாதிரி இருக்கிறது" என்பது இன்னொன்று. "என் பொதியில் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது, நண்பர் பொதியில் இல்லை" என்றும் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி நிறுத்துவதைவிட, எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எதுவும் மாறிப் போகவில்லை. முதல் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர் கார்ல், ஆஸ்திரியா-ஹங்கேரியின் கடைசிப் பேரரசர். இந்தத் தலை எத்தனையோ கோடி அச்சானது, படத்தைப் பார்த்தால் விலை சில ரூபாய்தான். நாங்கள் விலை வைத்தது அதன்மேல் தபால் நிலையத்தில் குத்திய முத்திரைக்கு. பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்து முத்திரை வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் 'ப்ராஹா' என்று செக் மொழியில் ஊர்ப் பெயர் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த இடத்தில் முன்பு 'ப்ராக்' என்று ஜெர்மன் பெயர் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா தனிநாடான 1918 அக்டோபர் 28க்குப் பிறகு பல தபால் நிலையங்களில் முத்திரைக் கட்டையிலிருந்த ஜெர்மன் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். புது முத்திரை செய்து வரும்வரை அந்தச் செதுக்கிய கட்டையாலேயே குத்தினார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'தேசியமயமான முத்திரை' என்பார்கள். சில கட்டைகளில் அரம் சரியாகப் படாமல் ஓரிரு எழுத்தின் கால் மட்டும் தெரியும். உங்களுடையதில் அப்படி ஏதாவது தெரிந்தால் அழுக்கு என்று துடைக்கப் பார்க்காதீர்கள்.

பேரரசர் முகம் அப்படியே இருக்க, ஊர்ப் பெயர் மட்டும் ஏன் முதலில் போனது? இதைச் சொல்ல முந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1620 நவம்பர் 8 அன்று ப்ராக் நகருக்கு வெளியே 'வெள்ளை மலை' என்ற மேட்டில் ஒரு சண்டை நடந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்கு எதிராக எழுந்த பொஹேமியப் (செக் நாட்டின் பழைய பெயர்) பிரபுக்களின் படை ஓரிரு மணி நேரத்தில் சிதறிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று பழைய நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இன்றைக்கும் அங்கே தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கின்றன. 1627இல் வந்த புதிய சட்டம் பொஹேமிய மணிமுடியை ஹாப்ஸ்பர்க் பரம்பரைச் சொத்தாக்கியது, ஜெர்மனுக்கும் செக் மொழிக்குச் சமமான இடம் என்றது. காகிதத்தில்தான் சமம். போகப் போக அலுவலகம், உயர்கல்வி, பெரிய மனிதர்களின் வீடு எல்லாம் ஜெர்மனுக்குப் போயின. செக் மொழி வயலிலும் அடுப்படியிலும் தங்கியது.

அங்கிருந்து அதை மேலே கொண்டுவந்தவர்கள் வாள் எடுத்தவர்கள் இல்லை. யோசெஃப் யுங்மான் என்ற பள்ளி ஆசிரியர் செக்-ஜெர்மன் அகராதி ஒன்றை ஐந்து தொகுதிகளாக 1835 முதல் 1839 வரை கொண்டுவந்தார். அறிவியலுக்கும் கவிதைக்கும் செக்கில் சொல் இல்லை என்று சொன்னவர்களுக்கு அதுதான் பதில். பிரான்டிஷெக் பலாட்ஸ்கி தன் மக்களின் வரலாற்றை முதலில் ஜெர்மனில் எழுதி வெளியிட்டார். 1848இலிருந்து செக் மொழியிலும் வெளியிட்டார். அதே 1848இல் ஃபிராங்ஃபர்ட்டில் கூடவிருந்த ஜெர்மன் சபைக்கு அவரை அழைத்தார்கள். நான் ஸ்லாவிய வம்சத்துச் செக்கன், உங்கள் சபையில் எனக்கு இடமில்லை என்று பதில் எழுதினார். ஆஸ்திரியா என்று ஒரு பேரரசு இல்லாவிட்டால் அதை உருவாக்க வேண்டியிருக்கும் என்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. சிறிய இனங்களுக்கு அது ஒரு கூரை என்று அப்போது நம்பினார். 1865இல் அதே மனிதர், "ஆஸ்திரியாவுக்கு முன்பும் நாங்கள் இருந்தோம், அதற்குப் பின்பும் இருப்போம்" என்று எழுதினார். ஒரே மனிதரின் மனம் இப்படி மாறியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். செக்கர்கள் எடுத்த எடுப்பிலேயே தனிநாடு கேட்கவில்லை. கேட்ட சின்னச் சின்ன உரிமைகள் கிடைக்காமல் போனதால் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1867இல் ஹங்கேரிக்குச் சம பங்கு கொடுத்த வியன்னா அரசு, செக்கர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை.

சரி, கொடுக்காததை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்களா என்றால், இல்லை. ப்ராக் நகரத்துத் தேசிய நாடக அரங்கத்தின் கதையை நான் கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வதுண்டு. 1868 மே 16 அன்று அடிக்கல் நாட்டினார்கள். செக்கர்கள் புனிதமாகக் கருதும் ரீப் மலை உட்பட நாட்டின் பல இடங்களிலிருந்து கற்கள் வந்தன. சிகாகோவில் குடியேறிய செக்கர்கள்கூட ஒரு கல் அனுப்பினார்கள். வீடு வீடாக நிதி திரட்டி, 1881 ஜூனில் செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் 'லிபுஷே' இசை நாடகத்தோடு திறந்தார்கள். இரண்டே மாதம். ஆகஸ்ட் 12 அன்று கூரையில் வேலை நடந்தபோது பிடித்த தீயில் அரங்கம் எரிந்துபோனது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மறுபடி உண்டியல் ஏந்தினார்கள். 47 நாளில் சுமார் 10 லட்சம் கில்டர் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்) சேர்ந்துவிட்டது. 1883 நவம்பர் 18 அன்று அதே 'லிபுஷே'யோடு மறுபடி திறந்தார்கள். மேடைக்கு மேலே பொன் எழுத்தில் இரண்டே சொல்: 'தேசம் தனக்கே'. மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது என்று பொருள்.

முதல் உலகப்போர் வந்ததும் எல்லாம் வேகமெடுத்தது. தோமாஷ் மசாரிக் ஒரு வண்டிக்காரரின் மகன், தத்துவப் பேராசிரியர், வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினர். 1914 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேறியபோது அவருக்கு வயது 64. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயதில், பெனேஷ், ஸ்லோவாக்கியரான ஸ்டெஃபானிக் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு லண்டன், பாரிஸ், ரஷ்யா, அமெரிக்கா என்று அலைந்தார். அவருடைய மகள் ஆலிஸை ஆஸ்திரிய அரசு சிறையில் வைத்தது. உள்நாட்டில் இருந்த அலாய்ஸ் ரஷீன், கரேல் கிரமார்ஷ் இருவருக்கும் 1916இல் மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களை மன்னித்து விடுவித்தவர் யார் தெரியுமா? உங்கள் பொதியில் இருக்கும் அதே கார்ல்தான்.

ரஷ்யாவில் போர்க்கைதிகளாக இருந்த செக்கர்களும் ஸ்லோவாக்கியர்களும் பேரரசுக்கு எதிராகத் தனிப் படை கட்டினார்கள். 1918இல் சைபீரிய ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான மைல் தூரம் அவர்கள் கையில் இருந்தது. இர்குட்ஸ்க் நகரில் அந்தப் படை தன் தபாலுக்கென்று வெளியிட்ட மூன்று தலைகளில் ஒன்றில் கவச ரயில் இருக்கும். அது இந்தப் பொதியில் இல்லை, கடையில் ஒரு செட் வைத்திருக்கிறோம். வாங்க வேண்டாம், சும்மா பார்க்க வாருங்கள்.

இனி அக்டோபர் 28. அன்று காலை ப்ராக் நகரத்து வென்செஸ்லாஸ் சதுக்கத்தில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் பலகையில் போர் நிறுத்தம் என்ற சொல் வந்தது. அமெரிக்க அதிபர் வில்சனின் நிபந்தனைகளை வியன்னா ஏற்றுக்கொண்ட செய்தி அது. சுதந்திரம் என்று அதில் இல்லை. கூட்டம் அப்படித்தான் படித்தது. சிறிது நேரத்தில் தெருவெல்லாம் ஆட்கள். அரசு அலுவலகங்களிலும் கடைப் பலகைகளிலும் இருந்த பேரரசின் சின்னமான இரட்டைத் தலைக் கழுகுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். அதே காலையில், செக் அரசியல் தலைவர்களின் தேசியக் குழுவைச் சேர்ந்த ஷ்வேலாவும் சொகூப்பும் முதலில் கைப்பற்றப் போன இடம் கோட்டை இல்லை, தானிய அலுவலகம். பசித்துக் கிடந்த நாட்டின் தானியம் படைக்குப் போகாமல் இருக்க வேண்டுமே!

அன்று மாலை வெளியான முதல் சட்டத்தை எழுதியவர், மரண தண்டனையிலிருந்து தப்பி வந்த ரஷீன். செக்கோஸ்லோவாக்கிய அரசு உருவாகிவிட்டது என்று அறிவித்த அதே சட்டம், இதுவரை இருந்த சட்டங்கள் தற்போதைக்கு அப்படியே தொடரும் என்றது. மறுநாளும் ரயில் ஓட வேண்டும், தபால் போக வேண்டும். அதனால்தான் பேரரசர் படம் போட்ட தபால்தலைகள் மேலும் சில மாதங்கள் செல்லுபடியாயின. உங்கள் முதல் உறையின் விளக்கம் இதுதான். நாடு புதிது, ஸ்டாம்ப் பழையது, முத்திரையில் ஒரு பெயர் மட்டும் இல்லை.

உறையோடு ஒரு நகல் படமும் வைத்திருந்தோம், பின்பக்கம் 'நகல்' என்று எங்கள் முத்திரையோடு. அது சாரணர் தபால். அந்த நவம்பரில் தேசியக் குழுவின் கடிதங்களை ப்ராக் நகருக்குள் சுமந்து கொடுத்தவர்கள் சாரணச் சிறுவர்கள். நவம்பர் 7 முதல் 25 வரை இதற்கென்றே 10, 20 ஹெல்லர் (அன்றைய சில்லறைக் காசு) தலைகள் இரண்டு இருந்தன. டிசம்பர் 21 அன்று மசாரிக் குடியரசுத் தலைவராக ஊர் திரும்பியபோது, அதே தலைகளின்மேல் புதிய எழுத்தை அச்சிட்டு (மேலச்சு) மறுபடி ஒரு நாள் சாரணர்கள் தபால் கொடுத்தார்கள். அசல் கிடைப்பது அரிது, போலி ஏராளம். யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால் எங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது தலைக்கு வருவோம். டிசம்பர் 18 அன்று வெளிவந்த, நாட்டின் சொந்த முதல் வரிசை அது. ப்ராக் கோட்டையும் தேவாலயக் கோபுரமும், முன்னால் இலையும் பூவுமாக வளைந்த கோடுகள். வரைந்தவர் அல்ஃபோன்ஸ் முகா. பாரிஸில் சுவரொட்டிகளால் பெரும் பெயர் வாங்கிய அதே ஓவியர். அவசரத்தில் அச்சானதால் முதலில் வந்தவற்றுக்குப் பல் விளிம்பு போடவில்லை. தபால் நிலையத்தில் தாளிலிருந்து வெட்டித்தான் கொடுத்தார்கள். ஆகவே கத்தரி வெட்டுதான், ஆனால் எங்கள் கத்தரி இல்லை. நாலு பக்கமும் ஓரம் மிஞ்சியிருந்தால் அது நல்ல பிரதி. தயவுசெய்து நேராக்குகிறேன் என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

சூரியன்? முகா கோட்டைக்குப் பின்னால் உதயசூரியனை வைத்திருந்தார். அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சூரியன் அந்தப் பக்கம் உதிப்பதே இல்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பின்னால் வந்த வடிவங்களில் சூரியனை எடுத்துவிட்டார்கள். இரண்டுமே அசல். மனதால் எனக்குச் சூரியன் உள்ளதுதான் பிடிக்கும். முந்நூறு வருஷம் கழித்து விடிந்த ஊருக்கு எந்தத் திசையில் உதித்தால் என்ன!

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் புது நாட்டுக்குள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழிக்காரர்கள் அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலேயே சேர்க்கப்பட்டார்கள். முத்திரையில் செதுக்கி எடுத்த பெயர் அவர்களுடைய மொழியில் அந்த ஊரின் பெயர்தான். உங்கள் முதல் உறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வரும்.

சூரியன் உள்ளதும் இல்லாததும் இரண்டுமே வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள். இருப்பு இருக்கும்வரை போன மாத விலைக்கே தருகிறோம். இவ்வளவு சொன்ன பிறகும் பொதி வேண்டாம் என்று நினைப்பவர்கள் உறையோடு திருப்பி அனுப்பலாம், முழுப் பணமும் தபால் செலவும் சேர்த்துத் தந்துவிடுகிறோம். தலைகளை விரலால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து வையுங்கள், அது மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் தபால்தலைக் கடையிலிருந்து