ஐந்து பேருக்கு நன்றி எழுதப் போகிற சாமிநாதனுக்கு

பெருந்துறை

அன்புள்ள சாமிநாதா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், மஞ்சளுக்கு மண் அணைத்தாயிற்று. வீட்டில் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுது.

நம்மை ஆளாக்கியவர்களில் ஐந்து பேருக்குக் கைப்பட நன்றி எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். "இத்தனை வருசம் கழிச்சு எழுதினா என்ன நினைப்பாங்களோ, எனக்குக் கோர்வையா எழுதவும் வராதே" என்றும் இழுத்திருக்கிறாய். இதே தயக்கத்தை அமெரிக்காவில் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் சோதித்துப் பார்த்து 2018இல் ஆய்வாக வெளியிட்டார்கள். எழுதினவர்கள் வார்த்தை சரியாக வந்ததா என்று கவலைப்பட்டார்கள். வாங்கினவர்கள் கவனித்தது அதிலிருந்த அன்பைத்தான். சங்கடம் எழுதினவர்கள் பயந்த அளவுக்கு இல்லை, சந்தோஷம் அவர்கள் நினைத்ததைவிட அதிகம். ஆகவே நடையைப் பற்றிய கவலையை விடு.

கவலைப்பட வேண்டியது வேறு. "உங்களால்தான் நான் இன்று இந்த நிலையில் இருக்கிறேன்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். கணக்கு வாத்தியாருக்கு இப்படி எழுது: "அப்பா என்னைத் தறிக்கு அனுப்ப டிசி கேட்டு வந்தாருங்க. நீங்க 'ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடலை, அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே பரீட்சை வரைக்கும் இழுத்தீங்க." இதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. அடுத்து, அதனால் என்ன ஆயிற்று என்று இரண்டு வரி: பரீட்சை எழுதினது, பாஸானது, வேலை கிடைத்தது. அவருக்குத் தெரியாதது இந்தப் பின்பாதிதான். தான் இழுத்தடித்தது அவருக்கே மறந்திருக்கலாம், அதன் பலன் என்னவென்று அவருக்குச் சொன்னவர் யாரும் இருக்க மாட்டார்கள். கடிதத்தின் கனமே அங்கேதான், மற்றதையெல்லாம் சுருக்கு.

நீ யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. படித்த வருசம், வகுப்பு, அப்பா பேர், ஊர், கூடப் பிறந்தவர்கள் யாராவது அவரிடம் படித்திருந்தால் அதுவும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவருக்கு "உங்கள் மாணவன் சாமிநாதன்" போதாது.

தறி மேஸ்திரிக்கும் இதே முறைதான். "தொழில் கற்றுத் தந்தீர்கள்" என்பதைவிட, அறுந்த பாவு இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைக்க விரல் பிடித்துக் காட்டினாரே, அதை எழுது. அந்த நுணுக்கம் இன்னொரு தறிக்காரனுக்குத்தான் புரியும், அவருக்கும் அதுதான் இனிக்கும்.

செய்யுளை முகப்பில் வைத்துத் தொடங்காதே, தமிழய்யாவுக்கு அவர் நடத்தினதையே திருப்பி அனுப்பின மாதிரி ஆகும். "தெய்வமே" என்று ஏற்றாதே. வந்து பார்க்காததற்கு மன்னிப்பு ஒரு வரி போதும், அரைப் பக்கம் போனால் அவர் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். கடைசியில் பேரனுக்கு சீட், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் கோக்காதே. பணமும் வைக்காதே. சாதாரணத் தபாலில் ரூபாய் நோட்டு வைத்து அனுப்பக் கூடாது. அனுப்ப முடிந்தாலும் அது மொய் திருப்பின கணக்காகிவிடும்.

அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. கண் மங்கியிருக்கும், பேரப் பிள்ளைகள்தான் வாசித்துக் காட்டும். இங்கிலீஷ் மீடியம் படிக்கிற குழந்தைக்கு உன் கூட்டெழுத்து ஓடாது. எழுத்தைப் பிரித்து, பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது, மறுபக்கத்து மை தெரிந்தால் கண் குழம்பும். வீட்டார் முன்னால் வாசிக்கப்படும் என்பதையும் மறக்காதே. அவர் வீட்டுக்குத் தெரியாமல் உனக்குக் கட்டின ஃபீஸ் கதை அதில் வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்.

பால்பாயிண்ட் பேனாதான் நல்லது. அதன் மை எண்ணெய் கலந்தது, நனைந்தாலும் நிற்கும். ஜெல் பேனாவில் விலாசம் எழுதி ஐப்பசி மழையில் தபால்காரர் சைக்கிளில் போனால் பின்கோடு கரைந்துவிடலாம். இன்லேண்டு லெட்டர் என்றால் ஓரங்களில் ஒரு விரல்கடை இடம் விடு. பிரிக்கும்போது கிழிகிற இடம் அது, அங்கே எழுதினது அவ்வளவும் போய்விடும். உள்ளே ஃபோட்டோ, தாள் எதுவும் வைக்கக் கூடாது. உறையில் அனுப்பினால் 20 கிராம் வரை 5 ரூபாய் தபால்தலை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம், உறையின் எடையும் சேருமல்லவா? இரண்டு தாளோடு நிறுத்து. தலை குறைந்தால் குறைந்ததைப் போல் இரு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள், நன்றி சொல்லிவிட்டு அவரிடமே காசு பிடுங்கின கதையாகும். தாளில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதே, துருப்பிடிக்கும். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சி வரும். இந்த மாதிரிக் கடிதங்களைத் தூக்கிப் போட மாட்டார்கள், பெட்டியில் வைப்பார்கள்.

விலாசம்தான் நம் பக்கத்துப் பெரிய வில்லங்கம். பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். பேருக்குக் கீழே தோட்டத்துப் பேர், அப்புறம் ஊர், அதற்கடுத்து அஞ்சல். ஊர் வேறு, அஞ்சல் வேறாக இருக்கும், கேட்டு எழுது. உன் பழைய டைரியில் "பெரியார் மாவட்டம்" என்று இருந்தால் அது இப்போது ஈரோடு. காங்கயமும் தாராபுரமும் 2009இல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தன, ஆனால் பின்கோடு இன்னும் 638இல்தான் தொடங்கும். திருப்பூருக்கு 641 ஆச்சே என்று நீயாகத் திருத்தினால் கடிதம் ஊர் சுற்றப் போகும்.

ஸ்பீட் போஸ்ட் வேண்டாம். கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபால் என்றாலே வயசானவர்கள் கோர்ட் நோட்டீஸோ, பேங்க் நோட்டீஸோ என்று பதறுவார்கள். சாதாரணத் தபால் போதும்.

ஐந்து பேரில் சமையல்காரம்மா காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் மகளுக்கு எழுது. "உங்க அம்மா ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்தாலும் சோறு எடுத்து வச்சிருப்பாங்க" என்பது மகளுக்கே தெரியாத சேதியாக இருக்கலாம். இதை முதலில் எழுது, மற்ற நாலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்குக் கீழே போன் நம்பரைப் பெரிதாக எழுது. பதில் கடிதம் அநேகமாக வராது, போன்தான் வரும், அதுவும் பேரன் நம்பரிலிருந்து. தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடாதே.

அன்புடன்,
முத்துச்சாமி