ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக்கும் முன்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களுக்கும் தெற்கு ரயில்வேயின் கோட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

மீட்டர்கேஜ் (1 மீட்டர் அகல) ரயில் பாதைகளை அகலப்பாதையாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கியது. அதன்பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழைய நிலையக் கட்டடங்கள் பல பயனற்றுக் கிடக்கின்றன. அவற்றை ஊர் வரலாற்று அருங்காட்சியகங்களாக மாற்ற நீங்கள் முன்வந்தால் எங்களைவிட மகிழ்பவர்கள் இருக்க முடியாது. பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதும் அரும்பொருள்களைப் பாதுகாப்பதும் எங்கள் தொழில். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கண்ணாடிப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் முதலில் பணம் ஒதுக்காதீர்கள். வடிகால், கூரை, சுண்ணாம்புப் பூச்சு, பதிவேடு ஆகிய நான்கும் முடிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

வடிகாலை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அகலப்பாதையின் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. உயரம். மீட்டர்கேஜ் நடைமேடை அதில் பாதிதான் இருக்கும். புதிய மேடையை உயர்த்தியதும் பழைய கட்டடம் பள்ளத்தில் நின்றுவிடுகிறது. மழைநீர் நேராக வாசலுக்குள் வருகிறது. சுவரை ஒட்டி ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றாமல் உள்ளே எதைச் செய்தாலும் வீண். சுவரைச் சுற்றி சிமெண்ட் தளம் போடவும் வேண்டாம். மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரம் முழுவதும் அப்போது சுவரில்தான் ஏறும்.

மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் உடைந்த ஓடுகளையும் உளுத்த ரீப்பர்களையும் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்கள்) மட்டும் மாற்றினால் போதும். மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால், தேக்கு உத்தரங்களின் நடுப்பகுதியைவிடச் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈரச் சுவரில் மக்குவது அந்த நுனிதான். ஒழுகுகிறதே என்று மேலே கான்கிரீட் கொட்டினால், மக்கிய நுனிமேல் பாரம் கூடும்.

அடுத்தது பூச்சு. பழைய செங்கல் சுவருக்கு சிமெண்ட் பூசுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் சேதம், அதிலும் கடலோர ஊர்களில். செங்கல்லில் ஏறிய ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியேற முடியாது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உதிர்த்துத் தள்ளிவிடும். பளபளப்பான பிளாஸ்டிக் எமல்ஷனும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிமெண்ட் பூச்சை உளியால் கையால் கொத்தி எடுங்கள். டிரில்லர் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். கொத்திய சுவரை ஒரு கோடை முழுவதும் திறந்தே விட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். பிறகு பூசும் புதிய கலவைக்கு, நீரில் 3 வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் 1 பங்கைக் குறைத்துச் சுர்க்கி (செங்கல் தூள்) சேருங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சரியாக நீர்க்காத சுண்ணாம்புக் கட்டி ஒன்று உள்ளே இருந்தாலும், மாதங்கள் கழித்து ஊதிப் பூச்சைத் தெறிக்க வைக்கும். ஒரு கோட் 12 மி.மீ.-க்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கால் ஒரு வாரம் மூடி வையுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும்.

ஏ.சி. பற்றி: பகலில் ஓட்டி இரவில் அணைப்பதானால் அது இல்லாமலிருப்பதே நல்லது. ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கினால் காகிதம் நெளியும், புகைப்படம் உரியும். கூரையடியில் இருக்கும் உயரமான வென்டிலேட்டர்களை அடைக்காமல், வலையடித்துத் திறந்து வையுங்கள்.

பொருள்களில் நாங்கள் அஞ்சுவது நல்லெண்ணத்தால் வரும் கேட்டைத்தான். ஏறத்தாழ 57 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமுமான பழைய அட்டை டிக்கெட்டை லேமினேஷன் செய்தால், அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. பாலியெஸ்டர் உறையில் செருகுங்கள். ரயில் செல்ல அனுமதியாக ஓட்டுநரிடம் கொடுத்த டோக்கன்களையும் பித்தளை விளக்குகளையும் புளி போட்டுத் தேய்த்தால் பொறித்த எழுத்து மழுங்கும். கைகாட்டி சிக்னலின் இரும்புப் பாகத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடிக்காமல், உதிரும் துருவை மட்டும் நீக்கி, டேனிக் அமிலக் (tannic acid) கரைசல் பூசி, காய்ந்தபின் மெழுகிடுங்கள். காகிதத்தின்மேல் விழும் ஒளி 50 லக்ஸைத் (ஒளி அளவின் அலகு) தாண்டக் கூடாது.

பொருள் வந்த அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள்: 2026.14.3 என்றால் 2026-இல் வந்த 14-ஆவது கொடையில் 3-ஆவது பொருள். கொடுத்தவர், பயன்படுத்தியவர், இடம், நன்கொடையா இரவலா என்பதெல்லாம் கையொப்பத்துடன் இருக்கட்டும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

ரயில் பொருள்களோடு நின்றுவிடாதீர்கள். ஊரின் பொருளாதாரம் கடந்துபோனது கூட்ஸ் ஷெட் வழியாகத்தான். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் போடி பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950-களில் மறுபடி போடப்பட்டது. 2010 இறுதியில் மீட்டர்கேஜ் நின்று, 2023-இல் அகலப்பாதை ரயில் வந்தது. அங்கே ஏலக்காய் தரம் பிரிக்கும் 7, 8 மி.மீ. சல்லடைகள் இரண்டும் ஒரு பழைய சரக்கு ரசீதும் அருகருகே இருந்தால், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தாக்களின் வாழ்வு விளங்கும்.

உங்கள் டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டுகிறோம். ஒப்பந்ததாரர் முதலில் அதிக ஈரமுள்ள சுவரில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் மாதிரிப் பூச்சு செய்யட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அதைத் தட்டிப் பார்த்து, உப்பு பூக்காமல், கலகலக்காமல் இருந்தால் மட்டுமே மீதிச் சுவருக்கு வேலை உத்தரவு கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பாதுகாப்புப் பணியிலும் அருங்காட்சியகப் பணியிலும் இருப்போர்