உரப் பரிந்துரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண் அலுவலர்களுக்கும் ஆய்வு நிலையத்தாருக்கும்,

வணக்கம். எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு நீங்கள் தரும் உரப் பரிந்துரையில் மண் பரிசோதனை முடிவு இருக்கிறது, ரகம் இருக்கிறது, அடியுரம் (விதைக்கும்போது இடுவது) எவ்வளவு, எத்தனையாம் நாள் மேலுரம் (பயிர் வளரும்போது இடுவது) என்பதும் இருக்கிறது. முந்தைய பயிரை அறுத்தபின் மிஞ்சும் தாளோ (வைக்கோலோ) தட்டையோ நிலத்தில் எவ்வளவு கிடக்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. அதை எரிக்காமல் மடக்கி உழச் சொல்வதும் நீங்கள்தான். சரியான யோசனைதான்; எரித்தால் தாளிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும், கந்தகத்தில் ஒரு பங்கும் புகையோடு போய்விடும். ஆனால் மடக்கி உழுதவருக்கும் நிலத்தைத் துடைத்து வைத்திருப்பவருக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்டருக்கு 5 டன் கோதுமைத் தாள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கரிமம் சுமார் 2,000 கிலோ, தழைச்சத்து சுமார் 25 கிலோ. அதாவது கரிமம் 80க்குத் தழைச்சத்து 1. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு 24க்கு 1 என்ற அளவில் தீனி வேண்டும். பாதித் தாள் மக்கினாலே அவற்றுக்கு இன்னும் 30 கிலோ அளவுக்குத் தழைச்சத்து பற்றாமல் போகும். அதை அவை மண்ணிலிருந்தும் நாம் போட்ட உரத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். 65 கிலோ யூரியாவுக்குச் சமமான சத்து அது. இளம்பயிர் வெளுத்து நிற்பது இதனால்தான்.

அந்தச் சத்து தொலைந்துவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் மடியும்போது திரும்ப வரும். சிக்கல் அது வரும் நேரத்தில்தான். சூரியகாந்தி தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பூப்பதற்குள் எடுத்துவிடும். அதற்குப் பிறகு வருவது விளைச்சலைப் பெரிதாகக் கூட்டாது. விதையில் புரதம் ஏறும், எண்ணெய்ச் சத்து இறங்கும். ஆகவே தாள் மிகுந்த நிலத்துக்கு மொத்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டச் சொல்லவில்லை. மேலுரத்தில் ஒரு பங்கை முன்னுக்கு இழுத்து, விதைப்போடு அடியுரமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதியை மொட்டு விடுவதற்குள் முடித்துவிடலாம்.

கொடுக்கும் இடத்தையும் எழுதுங்கள். தாளின் மேல் தூவிய யூரியா மண்ணைத் தொடுவதே சிரமம். யூரியாவை உடைக்கும் நொதி தாளில் ஏராளம். பனி ஈரம் போதும், அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். ஓரிரு நாளில் 10 முதல் 15 மில்லிமீட்டர் மழையோ பாசனமோ கிடைக்காது என்றால் தூவவே கூடாது. விதை வரிசைக்குப் பக்கவாட்டில், தாளுக்குக் கீழே மண்ணுக்குள் போட வேண்டும். விதையோடு சேர்த்துப் போட்டால் எள், கடுகு போன்ற பொடி விதைகள் முளைக்காமல் கருகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் தரும் பரிந்துரை அட்டையில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாப் பயிர்க் கழிவும் ஒரே மாதிரியல்ல. நிலக்கடலைக் கொடியில் தழைச்சத்து அதிகம், சீக்கிரம் மக்கும். அதை மடக்கி உழுத நிலத்தில் அடுத்து வரும் எள்ளுக்கு உரத்தைக் குறைக்கவே இடமுண்டு. ஆனால் கொடி பெரும்பாலும் மாட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் முந்தைய பயிர் எது என்று கேட்டால் மட்டும் போதாது, கழிவு நிலத்திலேயே இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சூரியகாந்திக்கும் கடுகுக்கும் பொதுவான தண்டழுகல் பூஞ்சை அவற்றின் தண்டுகளில் தங்கி மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒன்றை அடுத்து மற்றொன்றைப் பரிந்துரைக்கும்போது இதையும் பாருங்கள்.

அடுத்த பருவத்துக்கான அட்டையை அச்சிடும் முன் மூன்று கட்டங்கள் சேருங்கள்: என்ன கழிவு, எவ்வளவு, மேலே கிடக்கிறதா மடக்கி உழப்பட்டதா. உழுதிருந்தால் எத்தனை வாரம் ஆயிற்று என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய்வித்து விவசாயி ஒருவர்