அதிமதுரம் கட்டிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: தேக்கா நாட்டு மருந்துக் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவுல, சிராங்கூன் ரோட்டுலயும் அதுக்குப் பக்கத்து சந்துகள்லயும் நாட்டு மருந்து விக்கிற உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். எந்தக் கடை, யாரு குடுத்தாங்கன்னு சொல்ல வரல. எங்க வீட்டுல நடந்தத சொல்லி ஒரே ஒரு விஷயம் கேக்கணும், அவ்வளவுதான்.

எங்க அம்மாவுக்கு 68 வயசு. பிரஷருக்கு ரொம்ப வருஷமா அரசாங்க பாலிகிளினிக் மாத்திரை, அதுல ஒண்ணு தண்ணி மாத்திரை, உடம்புத் தண்ணிய ஒண்ணுக்குல வெளிய தள்றது. போன வருஷம் வயித்தெரிச்சல் ஆரம்பிச்சுது, சாப்பிட்டா வலி, சாப்பிடலன்னாலும் வலி, கேஸ்ட்ரிக்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. தேக்காவுக்கு மீன் வாங்கப் போனவங்க அப்டியே ஒரு கடையில கேட்டு அதிமதுரப் பொடி வாங்கிட்டு வந்து காலையில ஒரு ஸ்பூன் ராத்திரி ஒரு ஸ்பூன்னு சுடுதண்ணில கலக்கிக் குடிச்சாங்க, எரிச்சலும் நெசமாவே கொறஞ்சுது, கொறஞ்சதாலயே விடல. ஆறு வாரம் ஓடிருச்சு. கணுக்கால் வீங்கி செருப்பு ஏறல, வெயிலுக்குன்னு நெனச்சோம். பிரஷர் 180ஐத் தாண்டுச்சு, மாத்திரைய ஒழுங்கா போடலையான்னு நான்தான் அவங்கள ஏசினேன், அது இன்னைக்கும் மனசுல உறுத்துது. அப்புறம் ஒரு நாள் எம்ஆர்டி ரயில் நிலையப் படியில காலத் தூக்கி வைக்க முடியாம கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தா பொட்டாசியம் 2.5. சாதாரணமா 3.5க்கு மேல இருக்கணும். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாப் போயிரக்கூடாதுன்னு மானிட்டர் மாட்டி ட்ரிப்புல பொட்டாசியம் ஏத்தினாங்க.

டாக்டர் நல்லவரு, சரியான கேள்வியத்தான் கேட்டாரு. "லிக்கரிஸ் சாப்பிடுறீங்களா"ன்னாரு. அம்மாவுக்கு அப்டி ஒரு வார்த்தையே தெரியாது, இல்லன்னுட்டாங்க, எனக்கும் அது வெள்ளக்காரங்க திங்கிற கறுப்பு மிட்டாய்னுதான் தெரியும். ரெண்டு நாள் அப்டியே போச்சு. மூணாவது நாள் சமையல்கட்ட ஒதுங்க வைக்கும்போது அந்தப் பொட்டலத்தப் பாத்து சும்மா ஃபோன்ல தேடினேன், அப்பதான் தெரிஞ்சுது லிக்கரிஸ்னா அதிமதுரம். சீனங்க கான்சாவ்னு சொல்றதும் அதே சாதிதான், மலாய்ல ஆக்கார் மானிஸ். இதுல இன்னொண்ணு, பக்கத்து வீட்டு சீனப் பாட்டி அன்பா குடுத்து விட்ட மூலிகைத் தண்ணியிலயும் கான்சாவ் இருந்திருக்கு. நாலு மொழி பேசுற ஊர்ல ஒரே வேருக்கு நாலு பேரு, டாக்டர் ஒண்ணு கேக்க நோயாளி இன்னொண்ணு நெனைக்க, நடுவுல பொட்டாசியம் எறங்கிக்கிட்டே இருந்திருக்கு.

அதிமதுரம் சும்மா ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல, இத நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். 1946ல நெதர்லாந்துல ரெவர்ஸ்னு ஒரு டாக்டர், அவரு ஊரான ஹேரன்வேன்ல ஒரு மருந்துக்கடைக்காரர் வித்த, லேகியம் மாதிரி சாப்பிடுற அதிமதுர மருந்து நோயாளிங்களோட வயித்துப் புண்ண ஆத்துறதப் பாத்துட்டு எழுதினாரு. உங்கள மாதிரி ஒரு கடைக்காரர் சரக்குலேருந்துதான் இந்தக் கதையே தொடங்குது. ஆனா அதே ரெவர்ஸ் இன்னொண்ணும் பாத்தாரு, சாப்பிட்டவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு மூஞ்சியும் காலும் வீங்குச்சு. அப்புறம் லண்டன்ல அந்த வேரோட சத்துலேருந்து கார்பெனாக்ஸலோன்னு மாத்திரையே செஞ்சாங்க. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பக் காட்டின ரிச்சர்ட் டால்தான் 1962ல அத சோதிச்சு இரைப்பைப் புண் ஆறுதுன்னு சொன்னவரு. வயித்துக்குள்ள வழவழன்னு ஒரு படலம் இருக்குல்ல, அத அது கூட்டும். ஆனா அதுக்கும் அதே வீக்கம், அதே பிரஷர், அதே பொட்டாசியம் கொறைவு.

ஏன்னு தெரிஞ்சாத்தான் நான் கேக்குறது புரியும். உடம்புல உப்பப் புடிச்சு வைக்கச் சொல்ற ஹார்மோன் அல்டோஸ்டிரோன். கார்டிசால்னு இன்னொரு ஹார்மோன், அது ரத்தத்துல அல்டோஸ்டிரோன விட நூறு மடங்குக்கும் மேல ஓடும், கிட்னியில அல்டோஸ்டிரோன் போய் உக்கார்ற எடத்துல அதுவும் அப்டியே உக்காரும். அது உக்காராம இருக்க கிட்னியில ஒரு நொதி இருக்கு, வர்ற கார்டிசால எல்லாம் கார்டிசோனா மாத்தி சும்மா ஆக்கிரும். அதிமதுரத்துல உள்ள கிளிசரைசின் நம்ம குடல்ல ஒடஞ்சு ஒரு அமிலமா மாறி இந்த நொதியத்தான் முடக்குது. அப்புறம் கார்டிசால் தடையில்லாம உள்ள போயி உப்பையும் தண்ணியையும் புடிச்சு வைக்குது, பொட்டாசியம் ஒண்ணுக்குல போயிருது. டெஸ்ட்ல அல்டோஸ்டிரோன் கொறைவாத்தான் காட்டும், உடம்பு மட்டும் அது பொங்கி வழியுற மாதிரி நடந்துக்கும். தண்ணி மாத்திரையில பெரும்பாலானது வேற பொட்டாசியத்த வெளிய தள்ளும், எங்கம்மாவுக்கு ரெண்டும் சேந்து அடிச்சுது.

அந்தக் காலத்து டாக்டருங்க இதுக்கு மாத்து தேடாம இல்ல. அல்டோஸ்டிரோனத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைய கார்பெனாக்ஸலோனோட சேத்துக் குடுத்தாங்க, வீக்கம் வத்துச்சு, கூடவே புண் ஆறுறதும் நின்னுருச்சு. தயசைட் வகை தண்ணி மாத்திரை குடுத்தாங்க, புண் ஆறுச்சு, பொட்டாசியம் இன்னும் எறங்குச்சு. 1976ல வயித்துல அமிலத்தக் கொறைக்கிற சிமெடிடின் மாத்திரை வந்ததும் கார்பெனாக்ஸலோன் மெல்ல மெல்ல ஓரம் போயிருச்சு. புண்ணுக்கு நெறைய பேருக்குக் காரணமே ஒரு கிருமின்னு கண்டுபிடிச்சதுக்கு 2005ல மார்ஷல், வாரன்னு ரெண்டு ஆஸ்திரேலிய டாக்டருங்களுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. எங்கம்மாவுக்கும் ஊதிப் பாக்குற டெஸ்ட்ல அதே கிருமிதான் வந்துச்சு, ரெண்டு வாரம் மாத்திரை, இப்ப வலி இல்ல.

அளவப் பத்தியும் சொல்லிடுறேன். ஐரோப்பாவுல நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல வேண்டாம்னு சொல்லிருக்காங்க. வேருக்கு வேர் சத்து மாறும், 100க்கு 5ன்னு வச்சாலே 2 கிராம் பொடியில அந்த 100 வந்துரும், அம்மா நாளைக்குக் குடிச்சது ரெண்டு ஸ்பூன், அத விட அதிகம். தொண்டை கட்டினா ஒரு துண்டு வாயில அடக்கிக்கிட்டு ரெண்டு நாள்ல விடுறவங்களப் பத்தி நான் இவ்வளவு கவலப்படல. வாரக்கணக்கா தினம் குடிக்கிறவங்களப் பத்திதான் கவல. நிறுத்தின பிறகும் உடனே சரியாகாது, அம்மாவுக்கு காலு வீக்கம் முழுசா வத்த ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

வயித்துக்குன்னு யாராச்சும் அதிமதுரம் கேட்டா, தராசுல வைக்கிறதுக்கு முன்னாடி "பிரஷர் மாத்திரை, தண்ணி மாத்திரை, நெஞ்சுக்கு மாத்திரை ஏதாச்சும் எடுக்குறீங்களா"ன்னு கேளுங்க. ஆமான்னா குடுக்காதீங்க, பாலிகிளினிக் போகச் சொல்லுங்க. மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கும் வேண்டாம். இல்லன்னு சொல்றவங்ககிட்டயும் எத்தன நாளைக்குன்னு கேட்டு, கால் வீங்குனா உடனே விட்டுருங்கன்னு சொல்லி அனுப்புங்க. கிளிசரைசின் எடுத்துட்ட அதிமதுர மாத்திரைன்னு தனியா வருது, டிஜிஎல்னு போட்டிருக்கும், அதுல இந்தத் தொல்லை பெருசா இருக்காது, அது வேற இது வேறன்னும் சொல்லிக் குடுங்க. வியாபாரத்துல கொஞ்சம் கொறையும்னு எனக்கும் தெரியும், ஆனா எங்கம்மா மாதிரி ஆளுங்க டாக்டர்கிட்ட சொல்லாததக்கூட உங்ககிட்ட சொல்லுவாங்க, நீங்க சொன்னா அப்டியே கேப்பாங்க.

ஒரு சின்ன அட்டை எழுதி வச்சிருக்கேன், அதிமதுரம், லிக்கரிஸ், கான்சாவ், ஆக்கார் மானிஸ் நாலு பேரும் அதுல இருக்கு, கீழ அந்தக் கேள்வி. பொட்டலத்துக்குள்ள போட்டாலும் சரி டப்பா மேல ஒட்டினாலும் சரி. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவையும் கூட்டிக்கிட்டு கடை கடையா வரேன், கூட்டம் சேருறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க.